வேலூர் வெயிலுக்கு எந்த நிறப் பெர்ஷியன் பூனை?

பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்குவது என்று முடிவான வீட்டில் அடுத்து எழும் வழக்கு நிறத்தைப் பற்றியது. மகளுக்கு நீலக்கண் வெள்ளைதான் வேண்டும். மகன் கைப்பேசியில் முகமும் காதும் மட்டும் கறுத்த ஹிமாலயன் குட்டியைக் காட்டுகிறான். அப்பா சாம்பல் நிறம் கம்பீரமாக இருக்கும் என்கிறார். பாட்டி எந்த நிறமானாலும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் எனக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் இதே பேச்சு நடந்திருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூரில் வளரப்போகும் குட்டி என்றால் நான் முதலில் பார்ப்பது கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஆமையோட்டு நிறத்தையும், உடம்பில் வரியோ சுழியோ உள்ள டேபியையும்தான். வெண்மைதான் வேண்டும் என்பவர்களுக்கு, முடி நுனியில் மட்டும் கறுத்த சின்சில்லாவைப் பரிந்துரைப்பேன். நீலக்கண் வெள்ளைக் குட்டியைச் செவிச் சோதனை இல்லாமல் வாங்கச் சொல்லமாட்டேன். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்குமுன் வெயிலைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வெள்ளைப் பூனை வெப்பத்தைத் தாங்கும், கறுப்புப் பூனை தாங்காது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. நேரடி வெயிலில் கருநிறம் கூடுதலாகச் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் பெர்ஷியன் பூனை வெயிலில் திரியும் பூனை அல்ல, திரியவும் விடக்கூடாது. வீட்டுக்குள் அதை வருத்துவது இரண்டு: அடர்ந்த உள்முடி, தட்டையான முகம். பூனைக்கு மூச்சுவழியாகவும் கொஞ்சம் வெப்பம் வெளியேற வேண்டும். மூக்கு உள்ளே அமுங்கிய முகத்தில் அந்த வழி குறுகிவிடுகிறது. ஆகவே நம் ஊருக்கு முதல் தேர்வு முகவெட்டில் இருக்கிறது. விற்பவர்கள் டால் ஃபேஸ் என்று சொல்லும், மூக்கு ஓரளவு வெளியே தெரியும் குட்டியை எடுங்கள். எக்ஸ்ட்ரீம் பஞ்ச் என்று கூடுதல் விலை சொல்லப்படும், மூக்கு முற்றிலும் அமுங்கிய குட்டிக்குக் கோடை முழுவதும் மூச்சுத் திணறலும் கண்ணீர் வழிதலும்தான் மிஞ்சும். ட்ரிபிள் கோட், அதாவது மூன்றடுக்கு முடி, என்ற சொல்லுக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். பெர்ஷியன் பூனைக்கு இருப்பது மென்மையான உள்முடியும் நீண்ட வெளிமுடியும்தான்.

முகத்தை முடிவு செய்த பிறகு நிறத்துக்கு வரலாம். இங்கே நிறம் வெறும் ரசனை அன்று. சில நிறங்களோடு காதுக்கும் தோலுக்கும் வரும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. சில நிறங்கள் கோடையில் முடி வெட்டியதும் வேறு நிறமாகிவிடுகின்றன. வேலூரில் பெர்ஷியன் பூனை வளர்ப்பவர்களில் பலர் சித்திரை பிறந்ததும் முடியைக் குறைக்கக் கொண்டுபோய்விடுவதால் இந்த இரண்டாவது விஷயம் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு முக்கியம்.

வெள்ளையில் தொடங்குகிறேன், அதிகம் விரும்பப்படுவதும் அதிகம் யோசிக்க வேண்டியதும் அதுதான். முழு வெள்ளைப் பூனைக்கு உண்மையில் வெள்ளை என்று ஒரு நிறம் இல்லை. அதன் மரபில் கறுப்போ ஆரஞ்சோ டேபியோ ஏதோ ஒன்று இருக்கும். நிறமிச் செல்கள் தோலுக்குப் போய்ச் சேராதபடி ஒரு மரபணு தடுத்துவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை. சில வெள்ளைக் குட்டிகளின் உச்சந்தலையில் பிறக்கும்போது சிறிய கறுப்போ சாம்பலோ திட்டாகத் தெரியும். மறைந்திருக்கும் நிறத்தின் அடையாளம் அது, வளர வளர மறைந்துவிடும். கலப்படம் என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது காதைப் பற்றி. உட்காது இயங்குவதற்கும் இதே நிறமிச் செல்கள் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களுக்குள் உட்காதின் செவியுணர் பகுதி சிதைந்துவிடும், பிறகு மருந்தில்லை. நீலக்கண் பூனைகள் எல்லாமே செவிடு என்று 1859-லேயே டார்வின் எழுதிவைத்தார்; வெள்ளையாகவும் நீலக்கண்ணோடும் உள்ளவை பெரும்பாலும் செவிடு என்று பின்னர் அதைத் திருத்தினார். பின்வந்த ஆய்வுகள் கணக்கையும் தந்தன. இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் செவிடு. ஒரு கண் மட்டும் நீலமென்றால் சுமார் 40 சதவீதம், பெரும்பாலும் நீலக்கண் இருக்கும் பக்கத்துக் காதுதான் கேட்காது. கண்கள் செம்பு நிறமாக இருந்தால்கூட 17 முதல் 22 சதவீதம் வரை ஆபத்து உண்டு. சந்தையில் விலை ஏறுவது இந்த வரிசையிலேயே: இரட்டைக் கண் நிறம் கொண்ட குட்டிக்கும் நீலக்கண் குட்டிக்கும்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆபத்து கூடக் கூட விலையும் கூடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துக் குட்டி திரும்பினால் காது கேட்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது போதாது. தரையில் வரும் அதிர்வையும் காற்றசைவையும் செவிட்டுப் பூனை மிக நன்றாக உணரும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி எல்லாச் சத்தத்துக்கும் திரும்பும். உறுதியாகச் சொல்வது, சத்தத்துக்கு மூளை காட்டும் மின்னசைவை அளக்கும் பெரா சோதனை ஒன்றுதான். பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் அதே வகைச் சோதனை என்பதால் மருத்துவமனைகள் நிறைந்த வேலூரில் இந்தப் பெயர் பலருக்குப் பழக்கமாக இருக்கும். பூனைக்கு அதைச் செய்யும் இடத்தை உங்கள் கால்நடை மருத்துவரிடம் விசாரித்துக்கொண்டு, முடிவு கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். செவிட்டுப் பூனை அன்பில் எந்தக் குறையும் இல்லாதது. வீட்டுக்குள்ளேயே, திறந்த மாடியும் வாசலும் இல்லாத இடத்தில், ஆயுள் முழுதும் நன்றாக வாழும். தெரிந்து எடுத்துக்கொள்பவர்களை மனதாரப் பாராட்டுவேன். தெரியாமல் வாங்கி, கூப்பிட்டால் வராத திமிர் பிடித்த பூனை என்று அதைத் திட்டும் வீடுகளை நினைத்தால்தான் மனம் ஆறுவதில்லை.

வெள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காது நுனியிலும் மூக்கிலும் நிறமியே இல்லாததால் வெயில் நேராகத் தோலைச் சுடும். ஆண்டுக்கணக்கில் அப்படிச் சுட்டால் அங்கே தோல் புற்று வரும் வாய்ப்பு மற்ற நிறப் பூனைகளைவிடக் கூடுதல். தெற்குப் பார்த்த ஜன்னல் திண்டில் மதியம் முழுவதும் படுத்துக்கிடக்கும் பழக்கமுள்ள பூனைக்கு நம் ஊர் வெயில் லேசானதன்று. கோடையில் வெள்ளைப் பூனையின் முடியை ஒட்ட வெட்டினால் உடம்பு முழுவதும் அதே நிலைதான். குறைத்தாலும் ஒரு விரல் அளவாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். கண்ணீர்க் கறையும் போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவும் வெள்ளையில் பளிச்சென்று தெரியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெண்மையின் அழகு வேண்டும், இந்த ஆபத்து வேண்டாம் என்பவர்களுக்குச் சின்சில்லா என்ற வழி இருக்கிறது. ஏன் இதைப் பற்றி இங்கே அதிகம் பேர் பேசுவதில்லை என்பது எனக்குப் புரிவதில்லை. தூரத்தில் பார்த்தால் வெள்ளை. கிட்டே போனால் ஒவ்வொரு முடியின் நுனி மட்டும் மையில் தொட்டெடுத்த தூரிகை போலக் கறுத்திருக்கும். முடியின் அடிப்பகுதியில் நிறமி குறைந்துபோவதால் வரும் வெள்ளி நிறம் இது. நிறமிச் செல்கள் உடம்பில் சரியாகவே இருப்பதால் வெள்ளைப் பூனைக்குரிய செவிட்டுத்தன்மை இதனோடு சேர்ந்து வருவதில்லை. கண்கள் பச்சை அல்லது நீலப்பச்சை. கண்ணோரமும் மூக்கோரமும் மையிட்டதுபோல் கறுத்திருக்கும். பிறக்கும்போது உடம்பில் டேபிக் கோடுகள் மங்கலாகத் தெரியலாம், சில வாரங்களில் கலைந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: நுனியில்தான் நிறம் என்பதால் முடியை வெட்டிய நாளில் சின்சில்லா வெறும் வெள்ளைப் பூனையாகிவிடும். முடி வளரும்வரை அந்த வெள்ளிப் பளபளப்பு திரும்பாது. தினமும் சீப்பெடுத்து வாரக்கூடிய ஆள் வீட்டில் இருந்தால் சின்சில்லா, இல்லாவிட்டால் வேறு.

அடுத்தது மகன் காட்டிய ஹிமாலயன். முகம், காது, கால், வால் மட்டும் கறுத்து உடம்பு வெளிறியிருக்கும் இந்தக் கோலம் சயாமிய இனத்தின் சொத்து. 1930-களில் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த கிளைட் கீலரும் வர்ஜீனியா காபும் சயாமியப் பூனையையும் பெர்ஷியன் பூனையையும் கலந்து, நீண்ட முடியில் இந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் பூனை வளர்ப்போர் சங்கம் 1957-ல் ஹிமாலயனைத் தனி இனமாக ஏற்றது. 1984-ல் அதைப் பெர்ஷியன் இனத்தின் ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே ஹிமாலயன் வேறு, பெர்ஷியன் வேறு என்று சொல்லி விலை ஏற்றுபவர்களிடம் இந்த 1984-ஐச் சொல்லலாம்.

இந்த நிறத்தின் சிறப்பு, அது வெப்பத்தோடு பேரம் பேசும் நிறம் என்பது. நிறமியை உண்டாக்கும் நொதி இந்தப் பூனைகளில் உடல் சூட்டில் வேலை செய்வதில்லை. உடம்பின் குளிர்ந்த ஓரங்களில் மட்டும்தான் வேலை செய்யும். தாயின் வயிற்றில் எங்கும் ஒரே சூடு என்பதால் குட்டிகள் வெண்மையாகவே பிறக்கின்றன. பிறகு மூக்கும் காதும் வாலும் மெல்லக் கறுக்கின்றன. குளிர் நாட்டில் வளரும் பூனைக்கு முதுகும் விலாவும்கூட மங்கலாகிவிடும். வெப்பமான ஊரில் உடம்பு வெளிறியே நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் வேலூர் வெயில் நமக்குச் சாதகம்: உடலுக்கும் ஓரங்களுக்கும் இடையிலான நிற வேறுபாடு இங்கே அழகாக நிலைக்கும்.

முடி வெட்டினால்தான் சிக்கல். சயாமியப் பூனையின் முடியை மழித்துக் குளிரில் வைத்தால் அந்த இடத்தில் கருமுடி வளர்வதை 1930-லேயே ருஷ்ய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நம் வீட்டில் அந்தச் சோதனை தானாகவே நடக்கிறது. மே மாதத்தில் முடியை ஒட்ட வெட்டிவிட்டு, பாவம் என்று ஏசி அறையிலேயே வைத்திருப்போம். போர்வை இழந்த தோல் குளிர, புதுமுடி கறுத்து வளரும். எங்கள் அக்கா வீட்டுப் பூனை அப்படித்தான் ஒரு பருவம் முழுவதும் முதுகில் பழுப்புப் போர்வையோடு திரிந்தது. நோய் என்று பயந்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, அடுத்த முறை முடி உதிர்ந்து வளரும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் வெட்டாதீர்கள்.

ஹிமாலயனின் கண்ணும் நீலம்தான். ஆனால் காரணம் வேறு என்பதால் வெள்ளைப் பூனையின் செவிட்டுத்தன்மை இதற்குக் கிடையாது. நீலக்கண்ணுக்காகவே வெள்ளைக் குட்டியைக் கேட்கும் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதே கண், கேட்கும் காதோடு கிடைக்கிறது. இந்த நிறத்தோடு மாறுகண் சில பூனைகளுக்கு வருவதுண்டு. பார்வைக்கு அதனால் பெரிய இடையூறு இல்லை.

சாம்பலும் கறுப்பும் உண்மையில் அக்கா தங்கைகள். கறுப்பு நிறமியைச் சிதறலாகத் தேக்கிவைக்கும் ஒரு மரபணு இரண்டு பிரதியாக வந்தால் கறுப்பு சாம்பலாகவும் ஆரஞ்சு கிரீமாகவும் வெளுக்கும். வளர்ப்போர் உலகில் சாம்பலை ப்ளூ என்பார்கள். தூசு தெரியாது, முடி வெட்டினாலும் பெரிய மாற்றம் இல்லை, செம்பு நிறக் கண்ணோடு பார்க்கவும் நன்றாக இருக்கும். குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, அப்பாவின் தேர்வு பத்திரமான தேர்வு. கறுப்பு வெயிலில் கிடந்தால் துருவேறியதுபோல் செம்பட்டையாகும். வீட்டுக்குள் இருந்தால் ஆகாது. உணவில் புரதம் குறைந்தாலும் கருமுடி செம்பட்டை காட்டும் என்பதால், கறுப்புப் பூனை வளர்ப்பவருக்கு அது ஒரு அறிவிப்புப் பலகையாகவும் உதவும். பாட்டியின் சகுனக் கவலையை நான் ஏற்கவில்லை. குறுக்கே போனால் ஆகாது என்ற நம்பிக்கையால், உடல்நலத்தில் எந்தக் குறையும் இல்லாத கறுப்புக் குட்டிகள் கடைசிவரை விலைபோகாமல் கூண்டில் கிடக்கின்றன. குறைந்த விலையில் நல்ல முகவெட்டும் நல்ல மூச்சும் உள்ள குட்டி வேண்டுமென்றால் முதலில் அந்தக் கறுப்புக் குட்டியைத்தான் தூக்கிப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆமையோட்டு நிறம். கறுப்பும் ஆரஞ்சும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும். அதோடு வெள்ளையும் சேர்ந்தால் காலிகோ, நம் வீடுகளில் மூன்று நிறப் பூனை. பலர் இதை அழுக்காக இருக்கிறது என்று ஒதுக்குகிறார்கள். அந்த நிறம் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அப்படி ஒதுக்க மனம் வராது. பூனையின் ஆரஞ்சு நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு காணாமல் போயிருப்பதுதான் ஆரஞ்சுக்குக் காரணம் என்று 2025-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் குழுவும் தனித்தனியே வெளியிட்டன. ஆண் பூனைக்கு ஒரே எக்ஸ், ஆகவே ஆரஞ்சு அல்லது கறுப்பு, இரண்டில் ஒன்றுதான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கருவிலேயே ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று ஓய்ந்துவிடும். எது ஓயும் என்பதற்கு விதியில்லை. ஆரஞ்சு எக்ஸ் விழித்திருந்த செல்லின் வழிவந்த இடம் ஆரஞ்சு, மற்றது கறுப்பு. பாலூட்டிகளில் இப்படி ஒரு எக்ஸ் ஓய்கிறது என்று பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன் 1961-ல் சொன்னதற்குக் கண்முன் நடமாடும் சாட்சி இந்தப் பூனைதான்.

அதனால்தான் ஒரே கோலத்தில் இரண்டு ஆமையோட்டுப் பூனைகள் உலகில் கிடையாது. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற காலிகோ பூனையை நகலெடுத்துப் பிறக்கவைத்தார்கள். சிசி என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டிக்கு ஆரஞ்சு நிறமே வரவில்லை. மரபு முழுதும் ஒன்றாக இருந்தும் கோலம் வேறானது. நகலெடுத்தும் கிடைக்காத ஒரு கோலத்தை, வெள்ளைக் குட்டியைவிடக் குறைந்த விலைக்கு, அழுக்கு நிறம் என்ற பெயரில் தருகிறார்கள். நான் அதைத்தான் எடுப்பேன். இந்த நிறத்தோடு காதுக்கோ தோலுக்கோ தனிக் குறை எதுவும் ஒட்டிவருவதில்லை. முடி வெட்டினாலும் கோலம் அழிவதில்லை. இதில் ஆண் கிடைப்பது ஏறத்தாழ 3,000-ல் ஒன்று, அதுவும் கூடுதலாக ஒரு எக்ஸோடு பிறந்து பெரும்பாலும் மலடாகவே இருக்கும். அபூர்வ ஆண் காலிகோ என்று பெருந்தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம், அந்தப் பூனையால் இனவிருத்தி நடக்காது.

முழு ஆரஞ்சுப் பூனையில் ஐந்துக்கு நான்கு ஆணாக இருப்பதும் இதே எக்ஸ் கணக்கால்தான். ஆரஞ்சில் கோடே இல்லாத சுத்த நிறம் என்று சொல்லப்பட்டாலும் நெற்றியைப் பாருங்கள், எம் என்ற எழுத்துபோலக் கோடு தெரியும். மற்ற நிறங்களில் கோட்டை மறைக்கும் மரபணு ஆரஞ்சின்மேல் செல்லாது. குறையன்று அது.

டேபியில் மெல்லிய வரிகள், அகன்ற சுழிகள், புள்ளிகள், வெறும் தெளிப்பு என்று வகைகள் உண்டு. நீண்ட முடியில் மெல்லிய வரிகள் கலைந்துபோகும் என்பதால் பெர்ஷியன் பூனைக்கு அகன்ற சுழிதான் எடுப்பாக இருக்கும். வரியைச் சுழியாக்கும் மரபணுவை 2012-ல் கண்டுபிடித்தபோது, ஆப்பிரிக்காவின் கிங் சீட்டா என்னும் அரச சிவிங்கிப்புலிக்கு அகன்ற பட்டைகள் தருவதும் அதே மரபணுதான் என்று தெரிந்தது. டேபியோடு வயிறும் காலும் வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் இருக்கும், நாள் முழுதும் ஆள் நடமாடும் வீட்டுக்கு இதைவிடத் தோதான நிறம் இல்லை. முடி எந்த நிறச் சோபாவில் ஒட்டினாலும் பாதிதான் தெரியும்! ஊர்ப்பூனைகளிலும் இந்த வரிகளும் ஆரஞ்சும் மூன்று நிறமும் தாராளமாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நிறம் மட்டுமே ஆசை என்றால், பாகாயத்திலோ தோட்டப்பாளையத்திலோ தெருவில் பிறந்த குட்டி ஒன்று இலவசமாகவே அதைத் தரும், கத்திரியையும் தாங்கும்.

வாங்கப் போகும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. நாற்பத்தைந்து நாள் குட்டியைக் காட்டி நீலக்கண் என்றால் நம்ப வேண்டாம். எல்லாப் பூனைக்குட்டிகளுக்கும் அந்த வயதுவரை கண் நீலமாகத்தான் இருக்கும், உண்மை நிறம் அதற்குப் பிறகுதான் தெளியும். தாயை விட்டுப் பிரிக்க எப்படியும் பன்னிரண்டு வாரமாவது ஆகட்டும். சாம்பல் குட்டிகளின் உடம்பில் மங்கலாகத் தெரியும் கோடுகளும் நாளாக நாளாக மறையும். பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள், நிறம் பொய் சொல்லாது. தாயும் தந்தையும் சாம்பல் என்றால் அந்த ஈற்றில் கறுப்புக் குட்டி இருக்க முடியாது. இருவரும் ஹிமாலயன் என்றால் குட்டிகள் எல்லாமே ஹிமாலயன். தந்தை ஆரஞ்சு, தாய் கறுப்பு என்றால் ஆண் குட்டிகளில் ஆரஞ்சு வராது, பெண் குட்டிகள் ஆமையோட்டு நிறம். வெள்ளை பெற்றோர் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை, அவற்றுக்குள் என்ன மறைந்திருக்கிறது என்று தெரியாதே.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் ஒருகாலத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தது. எந்த நிறமும் அதற்கு விலக்கல்ல. மரபணுச் சோதனை 2004 முதல் இருக்கிறது. பெற்றோரில் ஒன்றுக்கு நோய் இருந்தாலே குட்டிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் இருவருக்கும் சோதனைத் தாள் கேளுங்கள். காதோரம், பாதம், வால் அடியில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் தொற்றும். கறுப்பிலும் சாம்பலிலும் அதன் செதில் உடனே கண்ணில் படும். வெள்ளையிலும் சின்சில்லாவிலும் விரலால் முடியை விலக்கித் தேட வேண்டும்.

பெற்றோரைப் பார்க்கப் போவதற்கு மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம். முடி முழுதாக வளர்ந்திருக்கும், கோடையில் வெட்டிய சுவடு மறைந்து சின்சில்லாவின் நுனிகளும் ஹிமாலயனின் உடல் நிறமும் உள்ளது உள்ளபடி தெரியும். அப்போது கொண்டுவரும் குட்டிக்கு, வேலூரின் முதல் கத்திரி வருவதற்குள் சீப்புக்கும் புது வீட்டுக்கும் பழகிக்கொள்ள மூன்று நான்கு மாதம் கிடைக்கும்.